எட்டிமான்லைன்: 'ஆர்கியூ' என்ற ஒரே சொல்லை வைத்து ஒரு ரிவ்யூ

ஆங்கிலச் சொல் ஒன்று எங்கிருந்து வந்தது, எப்போது வந்தது, வந்தபோது என்ன பொருளில் இருந்தது என்று சொல்லும் தளங்கள் இணையத்தில் ஏகப்பட்டது கிடக்கின்றன, அதில் பாதி ஒன்றைப் பார்த்து ஒன்று காப்பியடித்தவை. நான் வேலைக்கும் பொழுதுபோக்குக்கும் திறந்து வைத்திருப்பது எட்டிமான்லைன். முழுப்பெயர் ஆன்லைன் எட்டிமாலஜி டிக்‌ஷனரி. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தைச் சேர்ந்த டக்ளஸ் ஹார்ப்பர் என்பவர் தொடங்கி, பெரும்பாலும் தனியாளாகவே எழுதிச் சேர்த்தது. மனிதர் மொழியியல் பேராசிரியர் கிடையாது, அமெரிக்க உள்நாட்டுப் போர் வரலாற்றில் ஆர்வம் உள்ளவர். பெரிய பெரிய அச்சு அகராதிகளை எல்லாம் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவை சொல்வதைச் சுருக்கி, ஒழுங்குபடுத்தி, இலவசமாகப் போட்டிருக்கிறார். அவ்வளவுதான் விஷயம், ஆனால் அந்த 'அவ்வளவுதான்' சின்ன வேலை இல்லை.

தளத்தில் என்னென்ன வசதி இருக்கிறது என்று வரிசையாகச் சொன்னால் படிப்பவருக்குத் தூக்கம் வந்துவிடும். அதனால் ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு, அது எங்கெங்கே கூட்டிப்போகிறது, எங்கே நட்டாற்றில் விடுகிறது என்று காட்டுகிறேன். சொல், 'ஆர்கியூ'. ஏன் இது என்றால், தமிழ் பேசும் வீடுகளில் இந்தச் சொல் புழங்காத வீடு அபூர்வம். "பெரியவங்ககிட்ட ஆர்கியூ பண்ணாதே" என்று அம்மா சொல்லும்போது அதற்கு வாதம் என்று பொருள் இல்லை, எதிர்த்துப் பேசுவது என்றுதான் பொருள். அதே சொல்லை ஐகோர்ட் வளாகத்தில் ஒரு வக்கீல், "ஆர்கியூமென்ட் முடிஞ்சுது, ஜட்ஜ்மென்ட் ரிசர்வ் பண்ணிட்டாங்க" என்று சொன்னால் அது கௌரவமான தொழில். சாஃப்ட்வேர் கம்பெனியில் "அந்த ஃபங்ஷனுக்கு ரெண்டு ஆர்கியூமென்ட் பாஸ் பண்ணு" என்றால் அங்கே சண்டையும் இல்லை வாதமும் இல்லை, ரெண்டு மதிப்பு உள்ளே போகிறது, அவ்வளவே. மூன்றும் ஒரே சொல்தானா, எப்படி இப்படிக் கிளை பிரிந்தது என்று தெரிய வேண்டுமானால் சாதாரண அகராதி உதவாது. பொருளை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடும்.

எட்டிமான்லைனில் தட்டினால் முதலில் கண்ணில் படுவது காலம். ஏறக்குறைய 1300 என்று இருக்கும். இதைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். அந்த வருஷம் சொல் பிறந்த வருஷம் இல்லை. ஆங்கிலத்தில் அது எழுத்தில் கிடைத்த மிகப் பழைய சான்றின் வருஷம். அதற்கு முன் ஐம்பது வருஷம் மக்கள் வாயில் புழங்கியிருக்கலாம், யாருக்குத் தெரியும். அதற்கு அடுத்தபடி, காரணம் காட்டி ஒன்றை நிறுவுவது அல்லது மறுப்பது என்ற பொருளில் பழைய பிரெஞ்சின் 'அர்க்யுவேர்' வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது என்று சொல்கிறது. பிரெஞ்சில் அதற்கு ஒரு கருத்தை நிலைநிறுத்துவது என்ற பொருள் மட்டுமில்லை. திட்டுவது, குற்றம் சாட்டுவது, தொல்லை கொடுப்பது என்றெல்லாம் பொருள் உண்டு. அம்மா சொல்லும் ஆர்கியூ 12ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக்கு ரொம்பத் தூரத்தில் இல்லை என்று இதைப் படித்தபோது தோன்றியது.

பிரெஞ்சுக்குப் பின்னால் லத்தீன். அங்கே 'அர்குத்தாரே' என்று ஒரு வினை, அதற்குச் சளசளவென்று பேசுவது என்று பொருள். அது இன்னொரு வினையான 'அர்குவெரே' என்பதிலிருந்து வந்தது. அதன் பொருள் தெளிவாக்குவது, வெளிச்சத்துக்குக் கொண்டுவருவது, நிரூபிப்பது. அதாவது விளக்கிச் சொல்வது என்று தொடங்கிய வினையை, அதையே திரும்பத் திரும்பச் செய்வது என்ற வடிவத்தில் போட்டதும் வாய் ஓயாமல் பேசுவது என்று ஆகிவிட்டது. லத்தீன் பேசியவர்களுக்கும் டீக்கடை பெஞ்சு இருந்திருக்கும் போல.

இன்னும் ஒரு படி கீழே போனால்தான் விஷயம் சூடு பிடிக்கிறது. 'அர்குவெரே'க்கும் அடியில் 'அர்க்' என்று ஒரு வேர், அதற்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி. இந்த நட்சத்திரத்தைக் கவனிக்காமல் தாண்டிப் போகக் கூடாது. இந்த வடிவம் எந்தக் கல்வெட்டிலும், எந்த ஏட்டிலும் கிடைக்கவில்லை. ஐரோப்பாவிலும் ஈரானிலும் வட இந்தியாவிலும் இருக்கும் மொழிகளை ஒப்பிட்டு, இவற்றுக்கெல்லாம் முந்திய மூலமொழியில் இப்படி இருந்திருக்க வேண்டும் என்று அறிஞர்கள் மீட்டெடுத்தது என்பதற்கான அடையாளம் அது. பொருள்: ஒளிர்வது, வெண்மை. ஆக, ஒளி, வெள்ளை, தெளிவு, தெளிவாக்குவது, நிறுவுவது, வாதிடுவது, கடைசியில் சண்டை. எதிர்ப்பது, மல்லுக்கட்டுவது என்ற பொருள் ஆங்கிலத்தில் 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே வந்துவிட்டது. வெளிச்சத்தில் தொடங்கிச் சண்டையில் முடியும் இந்தப் பாதை ஒரே பத்தியில் கிடைத்துவிடுகிறது.

அந்த வேரின் மேல் ஒரு கிளிக் பண்ணினால் தனிப்பக்கம் திறக்கும். என்னைக் கேட்டால் இந்தத் தளத்தின் உண்மையான சொத்து இந்த வேர்ப் பக்கங்கள்தான். ஒரே வேரிலிருந்து முளைத்த ஆங்கிலச் சொற்கள் எல்லாம் அங்கே வரிசையாக இருக்கும், கீழே பிற மொழிகளிலிருந்து சான்றுகள். பள்ளிக்கூடத்தில் வெள்ளிக்கு ஏன் ஏஜி என்று குறியீடு என்று கேட்டு "அப்படித்தான், மனப்பாடம் பண்ணு" என்ற பதில் வாங்கியவர்களுக்கு இங்கே விடை உண்டு. வெள்ளிக்கு லத்தீனில் 'அர்கென்ட்டும்', அதாவது வெண்ணிற உலோகம். பாதரசத்தின் ஹெச்ஜியும் அதே குடும்பம். நீர் வெள்ளி என்ற கிரேக்கச் சொல்தான் லத்தீன் வழியாக ஹைட்ரார்ஜிரம் ஆனது. அர்ஜென்டினா என்ற நாட்டுப் பெயரும் இதுவே. அங்கே ஓடும் நதிக்கு ஸ்பானியர்கள் வெள்ளி நதி என்று பெயர் வைத்தார்கள், அதன் லத்தீன் உருவம் நாட்டுக்குப் பெயராகிவிட்டது. நம் உடம்பில் இருக்கும் அர்ஜினைன் என்ற அமினோ அமிலத்தின் பெயரிலும் இதே வெள்ளிதான்.

சான்றுப் பட்டியலில் சம்ஸ்கிருதமும் வரும்: 'ரஜத', வெள்ளி. 'அர்ஜுன', வெண்மையான, ஒளிர்கிற. ஆமாம், அதே அர்ஜுனன்தான். ஆர்கியூவும் அர்ஜுனனும் ஒன்றுவிட்ட சொந்தம் என்று வாட்ஸ்அப்பில் யாராவது அனுப்பியிருந்தால் நான் டெலீட் பண்ணியிருப்பேன், ஆனால் இதற்கு ஆதாரம் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால் பாரத மரபில் அர்ஜுனன் கறுப்பு நிறத்தவன். விராட பருவத்தில் உத்தரனிடம் தன் பத்துப் பெயர்களுக்கும் விளக்கம் சொல்லும் இடத்தில், தன் செயல்கள் தூயவை என்பதையும் சேர்த்துத்தான் இந்தப் பெயருக்குக் காரணம் சொல்கிறான். போர்க்களத்தின் நடுவில் தேரை நிறுத்தி அத்தனை கேள்வி கேட்டவனுக்கு இந்தப் பெயர் பொருத்தம்தான். நம் ஆற்றங்கரைகளில் இருக்கும் நீர்மருதுக்குத் தாவரவியல் பெயர் டெர்மினாலியா அர்ஜுனா. மரத்தின் வெளிர்நிறப் பட்டையைப் பார்த்தவர்களுக்குப் பெயரின் காரணம் புரியும்.

இங்கேதான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும், ஏனென்றால் இந்த மாதிரிப் பட்டியலைப் பார்த்ததும் கை பரபரக்கும், 'அர்க்' என்று தொடங்கும் எல்லாவற்றையும் இதோடு கோர்த்துவிடத் தோன்றும். 1894இல் கண்டுபிடிக்கப்பட்ட ஆர்கான் வாயு? தொடர்பே இல்லை. அது கிரேக்கத்தில் 'சோம்பேறி' என்ற பொருள் தரும் 'ஆர்கோஸ்' என்ற சொல்லிலிருந்து வந்தது. எதோடும் வினைபுரியாத வாயு, அதனால் அந்தப் பெயர். அந்தச் சொல்லைப் பிரித்தால் வேலை என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு இன்மை ஒட்டு. கிரேக்கத்தில் வெண்மை, மின்னல் வேகம் என்ற பொருள் தரும் இன்னொரு 'ஆர்கோஸ்' தனியாக உண்டு, அதுதான் வெள்ளியின் சொந்தக்காரன், ஆர்கோ என்ற புராணக் கப்பலின் பெயரும் அதிலிருந்துதான் என்பார்கள். உருவத்தில் இரட்டையர், ஆனால் ஒருவருக்கொருவர் முகம் தெரியாதவர்கள். பழைய ஆங்கிலக் கவிதைகளில் சரக்குக் கப்பலைக் குறிக்க 'ஆர்கசி' என்று ஒரு சொல் வரும், கப்பல் என்பதால் ஆர்கோவோடு சேர்த்துவிடத் தோன்றும். அதுவும் வேறு. ரகூசா என்ற துறைமுக ஊரின் பெயர் திரிந்து வந்தது அது, இன்றைய குரோஷியாவின் துப்ரோவ்னிக். ஓசை ஒன்றாக இருக்கிறது என்பதை வைத்து உறவு கொண்டாட முடியாது என்பதற்கு இந்த ஒரு வேர்ப் பக்கமே போதும்.

சரி, குறை. 'ஆர்கியூ' பதிவின் கடைசியில், லத்தீன் சொற்பிறப்பியல் அகராதி எழுதிய டி ஃபான் என்ற அறிஞரை மேற்கோள் காட்டி, ஹிட்டைட் என்ற பழங்கால மொழியில் இதைப் போன்றே அமைந்த ஒரு சொல் இருப்பதாக ஒரு வரி வருகிறது: 'அர்குவாய்', மன்றாடுவது, தன் தரப்பை எடுத்துவைப்பது. வெறும் ஒரு வரி. அமைப்பு மட்டும் ஒத்திருக்கிறதா, இல்லை ரத்த சம்பந்தமே உண்டா என்று விளக்கம் இல்லை. இது ஏன் முக்கியம் என்றால், அதே தளத்தின் வேர்ப் பக்கத்தில் வெண்மைக்கான ஹிட்டைட் சொல்லாக 'ஹர்கி' கொடுக்கப்பட்டிருக்கிறது. ஒன்றில் முன்னால் 'ஹ' இருக்கிறது, இன்னொன்றில் இல்லை. ஹிட்டைட்டின் அந்த 'ஹ' சும்மா வருகிற ஒலி கிடையாது, பிற மொழிகள் பெரும்பாலும் தொலைத்துவிட்ட ஒரு பழைய மெய்யொலியை அது காப்பாற்றி வைத்திருக்கிறது என்பதுதான் இந்தத் துறையின் பெரிய கண்டுபிடிப்புகளில் ஒன்று. அப்படியானால் 'ஹர்கி'யும் 'அர்குவாய்'யும் ஒரே வேரிலிருந்து வந்தன என்று சொல்வது இடிக்கிறது. மன்றாடும் சொல்தான் ஆர்கியூவின் நிஜமான உறவு என்று வைத்துக்கொண்டால், வெள்ளி, அர்ஜுனன், அர்ஜென்டினா எல்லாம் கழன்றுவிடும் அபாயம் உண்டு. இந்தச் சிக்கலைத் தளம் இரண்டு பக்கங்களில் தனித்தனியாக வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காதது மாதிரி இருந்துவிடுகிறது. சுருக்கி எழுதுவதில் இருக்கும் ஆபத்து இதுதான். படிப்பவர் தானாக இரண்டு பக்கத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒழியத் தெரியாது.

ஆனால் அந்த ஒற்றை வரியைப் பிடித்துக்கொண்டு வெளியே தேடப் போனவனுக்குப் புதையல். ஹிட்டைட்டுகள் இன்றைய துருக்கியின் நடுப்பகுதியில் ஹத்துசா என்ற தலைநகரிலிருந்து ஆண்டவர்கள். களிமண் பலகைகளில் ஆப்பெழுத்தில் எழுதினார்கள். அவர்களுடைய பிரார்த்தனைகளில் ஒரு வகைக்கே 'அர்குவார்' என்று பெயர்: வழக்குமன்றத்தில் நின்று தன் பக்க நியாயத்தைச் சொல்வது போலக் கடவுளிடம் சொல்வது. கி.மு. 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரண்டாம் முர்சிலி என்ற அரசன் இப்படி எழுதிய கொள்ளைநோய்ப் பிரார்த்தனைகள் கிடைத்திருக்கின்றன. அவனுடைய அப்பா காலத்தில் எகிப்தோடு நடந்த சண்டையில் பிடித்துவந்த கைதிகள் வழியாக நாட்டுக்குள் நோய் வந்தது, இருபது வருஷமாக ஓயவில்லை. பழைய பலகைகளைத் தேடி எடுத்துப் படித்து, எகிப்தோடு செய்த ஒப்பந்தத்தை அப்பா மீறியதுதான் காரணம் என்று கண்டுபிடிக்கிறான். அப்புறம் தொடங்குகிறது வாதம். தப்பு அப்பா செய்தது, அது மகன் தலையில் விடிந்திருக்கிறது, நானும் ஒத்துக்கொண்டுவிட்டேன், குற்றத்தை ஒப்புக்கொண்ட வேலைக்காரனை எஜமான் மன்னிப்பதில்லையா, பறவை கூட்டில் தஞ்சம் புகுந்தால் கூடு அதைக் காப்பாற்றுகிறதே என்று அடுக்கிக்கொண்டே போகிறான். இதில் எனக்கு மிகவும் பிடித்த பாயிண்ட் வேறு: உங்களுக்குப் படையலுக்கு ரொட்டி சுடுகிறவர்களும் பானம் வார்க்கிறவர்களும் இந்த நோயில் செத்துக்கொண்டிருக்கிறார்கள், எல்லோரும் போய்விட்டால் அப்புறம் உங்களுக்கு யார் படைப்பார்கள்? சாமியின் சாப்பாட்டில் கைவைக்கும் இந்த வாதத்துக்கு எந்த சீனியர் வக்கீலும் எழுந்து நின்று வணக்கம் சொல்வார். வன்தொண்டர் என்று பெயர் வாங்கிய சுந்தரர் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குக் கடவுளிடம் வழக்காடுவது புதிதில்லை என்றாலும், மூவாயிரம் வருஷத்துக்கு மேல் பழைய களிமண்ணில் அதைப் பார்ப்பது தனி.

கம்ப்யூட்டர் ஆர்கியூமென்ட்டுக்கு வருகிறேன், பாதியில் விட்டுவிட்டேன். இது கணக்கு வழியாக வந்தது, கணக்குக்கு வானியல் வழியாக. கிரகம் எங்கே இருக்கும் என்று கணிக்க அந்தக் காலத்தில் அட்டவணைகள் வைத்திருந்தார்கள். எந்த எண்ணை வைத்துக்கொண்டு அட்டவணையில் இன்னொரு எண்ணைத் தேடி எடுக்கிறோமோ அந்த முதல் எண்ணுக்கு ஆர்கியூமென்ட் என்று பெயர். 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசர், தன் கதைப் பாத்திரமான ஒரு ஜோசிய மந்திரவாதியின் சாமான்களை வர்ணிக்கும்போது இந்தப் பொருளில்தான் அந்தச் சொல்லைப் போடுகிறார். சான்று, ஆதாரம் என்ற பழைய பொருளிலிருந்து, எதை ஆதாரமாக வைத்து விடை காண்கிறோமோ அது என்று நகர்ந்திருக்கிறது. காம்ப்ளெக்ஸ் எண்ணின் ஆர்கியூமென்ட் என்று இன்ஜினியரிங் முதல் வருஷத்தில் வயிற்றைக் கலக்கியது இதன் பேரப்பிள்ளைதான். ஆங்கிலக் கவிஞர் மில்டனின் 'பாரடைஸ் லாஸ்ட்' காவியத்தில் ஒவ்வொரு காண்டத்தின் தலையிலும் 'ஆர்கியூமென்ட்' என்ற தலைப்பில் உரைநடை இருக்கும். அங்கே சண்டை இல்லை, கதைச் சுருக்கம்.

ஆர்கியூவை முடித்த கையோடு அதன் பங்காளிகளையும் தேடிப் பார்த்தேன். 'டிபேட்' என்பது அடிப்பது என்ற சொல்லின் வழி, பேட்டிலுக்கும் காம்பேட்டுக்கும் கூடப்பிறந்தது. 'டிஸ்கஸ்' என்றால் உலுக்கிச் சிதறடிப்பது. தலையில் அடிபட்டால் டாக்டர் சொல்லும் கன்கஷனும், மேளதாளத்துக்குச் சொல்லும் பெர்கஷனும் அதே உலுக்கல். 'க்வாரல்' புலம்பலில் தொடங்கியது. 'பிக்கர்' என்ற சொல்லின் மூலத்தைத் தளம் உறுதியாகச் சொல்வதில்லை, அந்த நேர்மை பிடித்திருந்தது. 'டிஸ்ப்யூட்' கொஞ்சம் சுவாரஸ்யம்: அதற்குள் இருக்கும் லத்தீன் 'புத்தாரே' என்றால் எண்ணிப் பார்ப்பது, அதற்கும் முன்னால் கிளையை வெட்டிச் சுத்தம் செய்வது, ஆகவே கம்ப்யூட்டர், ஆம்ப்யுடேஷன், டெபுடி கலெக்டர் மூவரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது 'ராங்கிள்'. முடிவில்லாமல் இழுபறியாகச் சண்டை போடுவது. கீழ்ஜெர்மன் வட்டாரப் பேச்சிலிருந்து வந்த சொல், முறுக்குவது பிழிவது என்ற வேருக்கு நெருக்கம். ஒரு ஆளைச் சொல்லால் முறுக்கிப் பிழிவது. இதிலிருந்து 'ராங்ளர்', சண்டைக்காரர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணக்கில் முதல் வகுப்பு வாங்குகிறவர்களுக்கு இன்றைக்கும் இதுதான் பட்டப்பெயர். எதற்குக் கணக்குப் பரீட்சைக்குச் சண்டைக்காரன் பட்டம்? பழைய நாளில் பட்டம் வாங்க எழுத்துத் தேர்வு இல்லை, எதிராளியோடு லத்தீனில் வாய்வழி வாதம் செய்து ஜெயிக்க வேண்டும். அந்தத் தேர்வுக்கு 'ட்ரைபாஸ்' என்று ஏன் பெயர் என்பது இன்னும் கூத்து: சாம்பல் புதன் அன்று பட்டம் வாங்க வருகிறவர்களோடு வாதாட, முன்பே பட்டம் வாங்கிய ஒருவரை மூன்று கால் முக்காலியில் உட்காரவைப்பார்கள். அவர் கேலி கிண்டல் செய்துகொண்டே வாதாடலாம், லைசென்ஸ் உண்டு. முக்காலியில் உட்கார்ந்தவருக்கு முக்காலி என்று பெயர் வந்து, அவர் பெயரில் அச்சடித்த கிண்டல் பாட்டுக்கு அந்தப் பெயர் போய், அந்தத் தாளின் பின்பக்கம் அச்சடித்த ரேங்க் பட்டியலுக்குப் போய், கடைசியில் பரீட்சைக்கே பெயராகிவிட்டது.

இந்த ராங்ளர்கள் நமக்கு அந்நியர்கள் இல்லை. ராமானுஜனின் கடிதத்தைப் படித்துவிட்டு அவரைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த ஹார்டி 1898இல் நான்காம் ராங்ளர், அதாவது அந்த வருஷப் பட்டியலில் நான்காம் ரேங்க். 1914இன் தொடக்கத்தில் சென்னைக்கு வந்து ராமானுஜனை நேரில் பார்த்துச் சம்மதிக்கவைத்த நெவில் 1909இல் இரண்டாம் ராங்ளர். அந்த 1909தான் ரேங்க் வரிசையை வெளியிட்ட கடைசி வருஷம். அந்தப் பரீட்சை முறையே கணக்கைக் கெடுக்கிறது என்று விடாமல் ராங்கிள் பண்ணியவர்களில் முக்கியமானவர் அதே ஹார்டி. முதல் ராங்ளராக வந்த முதல் இந்தியர் பராஞ்ச்பே, 1899இல். மராட்டியத்தில் ராங்ளர் பராஞ்ச்பே என்று பட்டத்தைப் பெயரோடு சேர்த்தே சொல்கிறார்கள். ஜீன்ஸ் பேன்ட் ராங்ளர் எங்கிருந்து வந்தது என்றால், அது அமெரிக்கக் குதிரைக்காரர்கள். குதிரை மேய்ப்பவரைக் குறிக்கும் மெக்சிகோ ஸ்பானியச் சொல் ஒன்று ஆங்கிலம் பேசுகிறவர்கள் வாயில் நுழையாமல் இந்தப் பழைய சொல்லோடு கலந்துவிட்டது என்று ஒரு கருத்து உண்டு. 1947இல் அது ஜீன்ஸுக்குப் பெயராகிவிட்டது.

மற்ற அகராதிகளோடு ஒப்பிட்டால்? ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி வேறு லெவல். ஒவ்வொரு பொருளுக்கும் எந்த வருஷம் யார் எந்த வாக்கியத்தில் எழுதினார்கள் என்று மேற்கோள் வரிசையே தரும், 1989இல் வந்த இரண்டாம் பதிப்பு 20 தொகுதி. முழுதாகப் பயன்படுத்தச் சந்தா வேண்டும், தனி ஆளுக்கு அது கொஞ்சம் கனம்தான். கல்லூரி, பல்கலைக்கழக நூலகம் வழியாகக் கிடைத்தால் அதிர்ஷ்டம். விக்சனரி இலவசம், பிற மொழிச் சொற்களை அந்தந்த எழுத்திலேயே கொடுக்கும், உச்சரிப்பும் தரும். ஆனால் யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்பதால் ஒரு பக்கம் அற்புதமாக இருக்கும், அடுத்த பக்கம் யாரோ ஆர்வக்கோளாறில் எழுதியதாக இருக்கும். எட்டிமான்லைன் இரண்டுக்கும் நடுவில். ஒரே கையின் எழுத்து என்பதால் நடை சீராக இருக்கிறது, அங்கங்கே எழுதியவரின் குறும்பும் எட்டிப் பார்க்கிறது.

இல்லாதவை: உச்சரிப்புக் குறி இல்லை. கிரேக்கமோ சம்ஸ்கிருதமோ தமிழோ எல்லாமே ரோமன் எழுத்தில்தான், அதனால் குறில் நெடிலையும் ட-த வேறுபாட்டையும் நாமே யூகித்துக்கொள்ள வேண்டும். எந்தத் தகவல் எந்த நூலிலிருந்து என்று வரிக்கு வரி சொல்வதில்லை, சில இடங்களில் மட்டும் பெயர் வரும். விளம்பரங்கள் உண்டு. இந்திய மொழிகளிலிருந்து போன சொற்கள் இருக்கின்றன, கட்டுமரமும் மிளகுதண்ணியும் தமிழ் என்று சரியாகவே போட்டிருக்கிறார். ஆனால் ஆர்கியூவுக்கு மூலமொழி வரைக்கும் தோண்டுகிறவர், கட்டுமரத்தில் கட்டு, மரம் என்று பிரித்துக் காட்டிவிட்டு நின்றுவிடுகிறார். அதற்கு மேல் வேண்டுமென்றால் பரோவும் எமனோவும் சேர்ந்து 1961இல் கொண்டுவந்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதிக்குத்தான் போக வேண்டும். 1984இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பு சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. தமிழுக்குப் பாவாணர் தலைமையில் 1974இல் தொடங்கிய அகரமுதலித் திட்டம் தனிக்கதை, அதற்கு ஒரு ரிவ்யூ தனியாக எழுத வேண்டும்.

இன்னொன்று, இது தளத்தின் தப்பு இல்லை, பயன்படுத்துகிறவர்களின் தப்பு. ஒரு சொல்லின் ஆதிப் பொருள்தான் உண்மையான பொருள் என்று நினைத்துக்கொண்டு, "ஆர்கியூ என்றால் தெளிவாக்குவது என்றுதான் அர்த்தம், ஆகவே நான் சண்டை போடவில்லை" என்று ஸ்கிரீன்ஷாட் போடுகிற கூட்டம் ஒன்று இருக்கிறது. அந்த லாஜிக்படி பார்த்தால் ஒவ்வொரு டிபேட்டிலும் கைகலப்பு நடந்தாக வேண்டும். சொற்பிறப்பு வேறு, சொற்பொருள் வேறு என்று தளத்தின் முகப்பிலேயே ஹார்ப்பர் சொல்லிவைத்திருக்கிறார், யார் படிக்கிறார்கள். அங்கே வரும் 'பெர்ஹாப்ஸ்', 'ப்ராபப்ளி' என்ற சொற்களைத்தான் இவர்கள் முதலில் வெட்டி எறிகிறார்கள், பதிவிலேயே அதிகம் கவனிக்க வேண்டியவை அவைதான். ஆங்கிலத்தில் இருக்கிற எல்லாச் சொல்லும் தமிழிலிருந்து போனது என்று ஓசையை மட்டும் வைத்துச் சாதிக்கிற நம்மூர் அண்ணன்களும் அந்த ஆர்கான் வாயுவின் பதிவை ஒருமுறை படித்தால் தேவலை.

யாருக்கு இது பயன்படும்? பள்ளி, கல்லூரி ஆசிரியர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், சொல் என்றால் நாக்கில் எச்சில் ஊறுகிறவர்கள். ஆராய்ச்சிக் கட்டுரையில் மேற்கோள் காட்ட இதை மட்டும் நம்பாதீர்கள், இங்கே தொடங்கி மூல நூலுக்குப் போங்கள். ஒரு சொல்லின் பொருளோ வாக்கியத்தில் எப்படிப் போடுவது என்பதோ வேண்டுமென்றால் இங்கே வரவே வேண்டாம், அதற்கான கடை இது இல்லை. மொபைல் ஆப்பும் இருக்கிறது, எனக்கு ப்ரௌசர்தான் வசதி, ஒரு வேரிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது டேப் டேப்பாகத் திறந்து வைத்துக்கொள்ளலாம். ஐந்துக்கு நாலரை தருவேன். அந்த ஹிட்டைட் 'ஹ' விஷயத்தைத் தீர்த்துவைத்தால் மிச்ச அரையும் தரலாம்.

புதிதாகப் போகிறவர்கள் 'க்விப்பிள்' என்ற சொல்லில் தொடங்குங்கள். விஷயத்தை விட்டுவிட்டு வார்த்தையைப் பிடித்துத் தொங்குவது என்று பொருள், பழைய சட்டப் பத்திரங்களில் வரிக்கு வரி வரும் 'க்விபுஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்று இருக்கிறது. இதை என் வக்கீல் நண்பனுக்கு அனுப்பினேன். "வந்திருக்கலாம்னுதானே போட்டிருக்கு, வந்ததுன்னு எங்க இருக்கு" என்று பதில் வந்தது.